மனச்சோர்வைப் பற்றிப் பேசாத கூட்டங்கள்

2010ஆம் ஆண்டு 'தி லான்செட்' இதழில் வெளியான ஒரு கட்டுரை, பொதுச் சுகாதாரம் பயில்வோர் அனைவரும் ஒருமுறையேனும் மேற்கோள் காட்டியிருக்கக்கூடியது. ஜார்க்கண்டின் மேற்குச் சிங்பூம், சராய்கேலா-கர்சாவான் மாவட்டங்களிலும் ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டத்திலும் 2005 முதல் 2008 வரை நடந்த ஆய்வு அது. சக்ரதர்பூரைத் தளமாகக் கொண்ட 'ஏக்ஜுட்' அமைப்பும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்களும் இணைந்து நடத்தினர். 2,28,186 மக்கள் வாழ்ந்த பகுதி 36 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. குலுக்கல் முறையில் தேர்ந்த 18 தொகுதிகளில் மட்டும் பெண்கள் குழுக்கள் மாதம் ஒருமுறை கூடின. பச்சிளங்குழந்தைகளின் இறப்பு அத்தொகுதிகளில் மூன்றாண்டுகளில் 32 விழுக்காடு குறைந்தது. இந்த எண்ணே கட்டுரையைப் புகழ்பெறச் செய்தது. அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் வரை கொண்டு சேர்த்ததும் இதுவே.

அதே கட்டுரையில் இன்னோர் எண்ணும் உண்டு. ஆய்வு அளவிட முனைந்த முதன்மை விளைவுகள் இரண்டு. ஒன்று குழந்தை இறப்பு. மற்றொன்று தாய்மாரின் மனச்சோர்வு. மூன்றாண்டுகளையும் சேர்த்துப் பார்க்கையில் மனச்சோர்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. ஆனால், மூன்றாம் ஆண்டில் மட்டும் பார்த்தால், மிதமான நிலை மனச்சோர்வு குழுக்கள் கூடிய தொகுதிகளில் 57 விழுக்காடு குறைவாக இருந்தது. இந்த இரண்டாவது எண் ஏன் அவ்வளவாகப் பேசப்படவில்லை என்பது தனியே எண்ணிப் பார்க்கத்தக்கது. குழந்தை பிழைத்ததா என்பதை எண்ணி முடித்ததும், தாய் எப்படி இருக்கிறாள் என்ற வினா பின்னொட்டாகிவிடுவது ஆய்வுலகின் பழைய பழக்கம்.

இங்கே வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. அக்குழுக்களில் மனச்சோர்வைப் பற்றி யாரும் பாடம் நடத்தவில்லை. உளவளத்துணை எதுவும் வழங்கப்படவில்லை. அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண் ஒருங்கிணைப்பாளர், மாதத்துக்குப் பதின்மூன்று கூட்டங்கள் என்ற அளவில் ஊர் ஊராகச் சென்றார். படங்களையும் கதைகளையும் கொண்டு பேச்சைத் தொடங்கிவைத்தார். பிரசவத்தில் ஒரு குழந்தை இறந்தது என்று கதை போகும், 'ஏன்?' என்று கேட்பார்கள். வண்டி கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை? கையில் பணமில்லை. ஏன் இல்லை? இவ்வாறு இருபது கூட்டங்களில் சிக்கல்களை அடையாளம் காண்பதும், தீர்வுகளைத் தேர்வதும், செயல்படுத்துவதும், இறுதியில் என்ன நடந்தது என்று மதிப்பிடுவதும் நிகழ்ந்தன. பேசப்பட்டவை பணம், வண்டி, தொப்புள்கொடி அறுக்கும் பிளேடு, குழந்தையைக் குளிரிலிருந்து காப்பது போன்றவை. அப்படியிருக்க, மனச்சோர்வு ஏன் குறைந்தது?

எளிதான விடை, குழந்தைகள் குறைவாக இறந்ததால் துயரமும் குறைந்தது என்பது. அது ஓரளவு உண்மையாக இருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆயினும், பச்சிளங்குழந்தையை இழந்த தாய்மார் மட்டுமே சோர்வுறுவதில்லை. பிழைத்த குழந்தையைப் பக்கத்தில் கிடத்தியபடியே சோர்வுற்றிருப்போர்தாம் பெரும்பான்மையினர். மற்றொரு விவரத்தையும் கருத வேண்டும். புதிதாகக் கருவுற்ற பெண்களில் முதலாண்டில் 18 விழுக்காட்டினரே கூட்டங்களுக்கு வந்தனர். மூன்றாம் ஆண்டில் அது 55 விழுக்காடாக உயர்ந்தது. மனச்சோர்வோ, வந்தவர்களிடம் மட்டுமன்றித் தொகுதியின் தாய்மார் அனைவரிடமும் அளவிடப்பட்டது. அதாவது, ஏறத்தாழப் பாதிப்பேர் கூட்டத்தின் பக்கமே வராத நிலையிலும் தொகுதியின் சராசரி மாறியிருக்கிறது. மருந்து உட்கொண்டவருக்கு மட்டும் நோய் தணிவது சிகிச்சையின் இயல்பு. இங்கு நிகழ்ந்ததை அந்த வாய்பாட்டில் அடக்க இயலாது. தனியொருத்தியின் மனம் மட்டுமன்றி, அவளைச் சுற்றியிருந்த ஏதோ ஒன்றும் மாறியிருக்க வேண்டும் என்று ஊகிப்பது பிழையாகாது.

அந்த 'ஏதோ ஒன்று' எது என்பதை அறிய, சோர்வு எதனால் வருகிறது என்பதற்குத் திரும்ப வேண்டும். 2002ஆம் ஆண்டில் இரண்டு இந்திய ஆய்வுகள் வெளியாயின. கோவாவில் விக்ரம் படேலும் உடன் ஆய்வாளர்களும் மேற்கொண்ட ஆய்வில், பிரசவமான ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் 23 விழுக்காட்டுத் தாய்மார் மனச்சோர்வுற்றிருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கருவுற்றிருந்த காலத்திலேயே அதன் அறிகுறிகளைக் கொண்டிருந்தனர். வறுமையும் கணவருடனான உறவின் கசப்பும் காரணங்களாக எழுந்து நின்றன. பிறந்தது பெண் குழந்தை என்பது அவற்றின் வலிமையைக் கூட்டியது. வேலூர்ப் பகுதியின் சிற்றூர்களில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் மேற்கொண்ட ஆய்வில் குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கையில் பெண் பிறத்தல், மாமியாருடனும் பெற்றோருடனும் உள்ள பிணக்கு, கருவுற்றிருந்த காலத்தில் நேர்ந்த துன்ப நிகழ்வுகள் ஆகியவற்றோடு இன்னொன்றும் இடம்பெற்றது. உடலுழைப்பில் கைகொடுக்க ஆளில்லாமை. குடத்தைத் தூக்க, துணியை அலச, மூத்த பிள்ளைக்குச் சோறூட்ட ஒரு கை இல்லாமை. உளவியல் பாடநூல்களில் இத்தகைய காரணம் கடைசி வரியில்தான் வரும்.

இந்தக் காரணங்களுள் ஒன்றுகூட மூளைக்குள் மட்டும் இருப்பதன்று. எல்லாம் வீட்டுக்குள்ளும் தெருவிலும் இருப்பவை. 2017இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியான தொகுப்பாய்வு, 38 இந்திய ஆய்வுகளையும் 20,043 பெண்களையும் உள்ளடக்கி, பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு 22 விழுக்காடு என மதிப்பிட்டது. அதன் பிறகும் ஆண்டுதோறும் எண்ணிக்கை ஆய்வுகள் வந்தவண்ணம் உள்ளன. ஒரு மாவட்ட மருத்துவமனை, ஒரு வினாநிரல், இருநூறு தாய்மார், ஒரு விழுக்காடு. பட்டம் கிடைத்துவிடுகிறது. வினாநிரலை நிரப்பித் தந்த தாய் அதன்பின் என்ன ஆனாள் என்று திரும்பிச் சென்று கேட்ட ஆய்வேடுகள் அரிதினும் அரிது. அளவிடுவது தவறன்று, அளவிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவதுதான் உறுத்துகிறது.

தாய்மார் மனநலம் குறித்த கருத்தரங்குகளில் 'சமூக ஆதரவு' என்ற சொல் இப்போது தவறாமல் ஒலிக்கிறது. சொல் நல்லதுதான். அதன் பின்னால் நிற்கும் இரண்டு எண்ணங்கள்தாம் ஐயத்துக்குரியவை.

முதலாவது, சமூகம் என்பது ஏற்கெனவே இருக்கிறது, தட்டி எழுப்பினால் போதும் என்ற எண்ணம். கூட்டுக்குடும்பம் உள்ள நாட்டில் தாய் தனித்திருப்பதில்லை என்று மேலை நாட்டு ஆய்வாளர்கள் ஒரு காலத்தில் பொறாமையோடு எழுதினர். நம்மவர்களும் பெருமையோடு தலையாட்டினர். மரபில் அரவணைப்பு இல்லாமலில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம், நாற்பது நாள் ஓய்வு, வடநாட்டில் பிள்ளை பெற்றவளுக்கென்று செய்யப்படும் சுக்கு லட்டும் பஞ்சீரியும், வங்கத்தின் ஆத்தூர் கர் எனப்படும் பேற்றறை. இவை அனைத்தும் பெற்றவளின் உடலுக்கு இடைவேளை அளிக்கும் ஏற்பாடுகளே. ஆயினும், அதே மரபுதான் பிறந்தது ஆணா பெண்ணா என்று பார்த்து அரவணைப்பின் அளவைத் தீர்மானித்தது. அவதி, போஜ்புரி பேசும் பகுதிகளில் சோஹர் பாடல்கள் பெரிதும் மகன் பிறந்த வீட்டில்தான் ஒலித்தன. மகள் பிறந்த வீட்டின் அமைதியைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பவளுக்குச் சமூகம் இல்லாமலில்லை. சமூகம் நிறையவே இருக்கிறது. அவளுடைய நோய்க்கூறுகளில் ஒன்றாகவே அது இருக்கிறது.

ஆகவே, தாய்க்குத் துணையாக வேண்டிய சமூகம் பெரும்பாலும் அவள் வாழும் சமூகமே அன்று. அதற்குள் புதிதாகக் கட்டப்பட வேண்டிய ஓர் உறவு. சிங்பூமின் குழுக்கள் செய்தது அதையே. மாமியாரும் மருமகளும், பெற்றவளும் பெறாதவளும் ஒரே வட்டத்தில் அமர்ந்து, ஒரே கதையைக் கேட்டு, 'ஏன்' என்று கேட்டார்கள். மருமகள் சோம்பேறி என்று வீட்டுக்குள் முடிந்துவிட்ட வழக்கு, வட்டத்துக்கு வந்ததும் ஊருக்குப் பொதுவான சிக்கலாக உருமாறியிருக்கும். வண்டிக்குப் பணம் சேர்க்கத் தெரிந்த பெண்கள், ஒருத்தி நான்கு நாளாக எழுந்திருக்கவில்லை என்பதையும் கவனிக்கத் தெரிந்தவர்களாகிறார்கள். இது ஊகம்தான், ஆனால் மேற்கண்ட எண்களோடு பொருந்திப்போகும் ஊகம். மூன்றாம் ஆண்டில்தான் மாற்றம் தெரிந்தது என்பதும் இதனோடு இயைகிறது. உறவு உருவாக அத்தனை காலம் பிடிக்கும். ஓராண்டுத் திட்டங்களாகவே நிதி ஒதுக்கிப் பழகியவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஜார்க்கண்டில் ஆஷா பணியாளரை 'சஹியா' என்றும் சத்தீஸ்கரில் சமூக நலப் பணியாளரை 'மிதானின்' என்றும் அழைக்கின்றனர். இரண்டுமே தோழி என்று பொருள்படுவன. இரண்டுமே அப்பகுதிகளில் சடங்கு செய்து ஏற்றுக்கொள்ளும் நட்புறவின் பெயர்கள். குருதியுறவுக்கும் சாதிக்கும் அப்பால் ஒருத்தி இன்னொருத்தியை வாழ்நாள் தோழியாக ஏற்கும் வழக்கம் அது. கோவாவில் தாய்மார் மனச்சோர்வுக்கெனப் பயிற்றப்பட்ட அண்டைவீட்டுப் பெண்களுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயரும் 'சகி'. அகப்பாடல்களில் தலைவியின் மெலிவை முதலில் காண்பவள் தோழியே என்பதைத் தமிழ் மாணவருக்கு நினைவூட்டத் தேவையில்லை. குடும்பத்துக்குள் இருந்துகொண்டே குடும்பத்தின் கண்ணல்லாத ஒரு கண் வேண்டும் என்பதைப் பெயரிட்டவர்கள் நன்கு அறிந்திருக்கிறார்கள்.

இரண்டாவது ஐயம் இங்குதான் தொடங்குகிறது. தோழி என்று பெயரிட்டபின், தோழிக்கு எதற்கு ஊதியம் என்ற கேள்வியும் பின்னாலேயே வந்துவிடுகிறது. 2005இல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தோடு தொடங்கிய ஆஷா அமைப்பில் இருப்பவர்கள் சட்டத்தின் பார்வையில் தன்னார்வலர்கள். அவர்கள் பெறுவது ஊதியமன்று, ஊக்கத்தொகை. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீட்டுக்குச் சென்று பார்த்து, எடை பார்த்து, படிவம் நிரப்பினால் நெடுங்காலமாக 250 ரூபாய். ஒரு வருகைக்கு ஏறத்தாழ 41 ரூபாய். தாய் உறங்குகிறாளா, உண்கிறாளா, இரவில் குழந்தையை யார் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று மாமியார் அகன்ற நேரம் பார்த்து மெல்லக் கேட்பதற்கு அந்த 41 ரூபாயில் இடமில்லை.

கேரளத்தின் நிலை இம்முரணைத் தெளிவாகக் காட்டும். தாய்மார் மனநலத்துக்கென 'அம்ம மனஸ்' என்ற திட்டத்தை மாநில அளவில் கொண்டுவந்த முன்னோடி அது. களத்தில் தாய்மாரை அடையாளம் காண்பவர்களுள் ஆஷா பணியாளரும் அடங்குவர். அதே மாநிலத்தில் 2025 பிப்ரவரியில் ஆஷா பணியாளர்கள் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்து, மாத மதிப்பூதியத்தை 7,000 ரூபாயிலிருந்து 21,000 ரூபாயாக உயர்த்தக் கோரிப் போராடினர். மழையிலும் வெயிலிலும் சாலையோரத்தில் அமர்ந்திருந்தவர்களில் பலர் தாய்மார்தாம். பிற தாய்மாரின் மனத்தைத் தாங்கும் பொறுப்பு அளிக்கப்பட்டவர்களின் மனத்தை யார் தாங்குவது என்று எந்தத் திட்ட ஆவணமும் கேட்டதாகத் தெரியவில்லை. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்திய ஆஷாக்களுக்கு விருது அளித்தது. விருதுக்குக் குறைவில்லை.

பெற்றவளின் ஓய்வுக்கும் இதே கணக்குதான். 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் கருவுற்ற, பாலூட்டும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத பேறுகால உதவியை உறுதியளித்தது. நடைமுறைக்கு வந்த பிரதமர் மாத்ரு வந்தனா திட்டம் முதற்குழந்தைக்கு 5,000 ரூபாய் என்று சுருங்கியது. இரண்டாவது பெண்ணாயின் 6,000 என்று பின்னர் சற்றே விரிந்தது. 26 வார விடுப்பு 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. செங்கற்சூளையிலும் நடவு வயலிலும் வேலைசெய்பவளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. கைகொடுக்க ஆளில்லாமை நோய்க்குக் காரணம் என்று வேலூர் ஆய்வு கண்ட பின்னும், ஓய்வைச் சிகிச்சையின் பகுதியாகக் கருத எந்த மனநலத் திட்டமும் முன்வரவில்லை. சத்தீஸ்கரில் ஊர்ப் பெண்களே நடத்தும் 'ஃபுல்வாரி' குழந்தைக் காப்பகங்கள் ஊட்டச்சத்துத் திட்டமாகவே எண்ணப்படுகின்றன. பகலில் சில மணிநேரம் பிள்ளையை நம்பி விட்டுச் செல்ல ஓரிடம் இருப்பது தாயின் மனத்துக்கு என்ன செய்கிறது என்பது நல்ல ஆய்வுத் தலைப்பு, எடுப்பாரைக் காணோம்.

அண்டை நாட்டு அனுபவம் ஒன்றையும் சேர்த்தெண்ண வேண்டும். 2008இல் பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதியில் அதீஃப் ரகுமானும் குழுவினரும் ஊர்ப்புறப் பெண் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஆறு மாதங்களுக்குப்பின் மனச்சோர்வு நீடித்தவர்கள், பயிற்சி பெற்ற பணியாளர் சென்ற ஊர்களில் 23 விழுக்காடு. ஒப்பீட்டு ஊர்களில் 53 விழுக்காடு. சிறப்பான முடிவு. ஆனால், வீட்டார் கதவைத் திறக்க அவர்கள் கையாண்ட வழி, குழந்தையின் நலத்துக்கான திட்டம் என்று அறிமுகம் செய்துகொண்டது. நடைமுறை நோக்கில் இது சரியான உத்தி. எனினும், ஒரு பெண்ணின் துயரம் கவனிக்கப்பட வேண்டுமானால் அது குழந்தையின் எடைக்குறைவாக வேடமிட்டு வர வேண்டும் என்பதை அந்த உத்தி ஒப்புக்கொள்கிறது. பின்னர், சுகாதாரப் பணியாளருக்குப் பதிலாக அண்டைவீட்டுப் பெண்களைக் கொண்டு கோவாவில் நடத்திய ஆய்வில் பயன் இருந்தது. ஆனால் மிதமாகவே இருந்தது. தோழமை எல்லாவற்றையும் தீர்க்கும் என்போர் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தோழமையால் தீராதவையும் உண்டு. ஆயிரம் பேறுகளுக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவில் வரும் பேற்றுக்குப் பிந்தைய உளப்பிறழ்வு அத்தகையது. சில நாள்களிலேயே தாயும் குழந்தையும் உயிராபத்துக்குள்ளாகும் நிலை அது. பேய் பிடித்தது என்று கோயிலுக்கும் தர்காவுக்கும் அழைத்துச் செல்பவர்களை ஏளனம் செய்வது எளிது. அவர்கள் அழைத்துச் செல்ல வேறு எந்த இடம் அருகில் இருந்தது என்று கேட்பது கடினம். பெங்களூரு நிம்ஹான்ஸில் 2009இல் தாயையும் சேயையும் ஒன்றாகச் சேர்த்து மருத்துவம் பார்க்கும் தனிப்பிரிவு தொடங்கப்பட்டபோது, நாட்டிலேயே முதலாவதான அப்பிரிவில் இருந்த படுக்கைகள் ஐந்து. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, மனநல நிறுவனத்தில் சிகிச்சை பெறும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என்கிறது. பிரிக்க நேர்ந்தால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை. முப்பது நாளைக் கடந்தால் உரிய ஆணையத்தின் ஒப்புதல். சட்டம் அழகாக எழுதப்பட்டிருக்கிறது. குழந்தையை உடன் வைத்துக்கொள்ளும் அறை இல்லாத மருத்துவமனையில் அந்தப் பிரிவு எதன்மேல் நிற்கும்?

மற்றொரு சட்டம் எதிர்த்திசையில் இழுக்கிறது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் மனக்கோளாற்றை மணமுறிவுக்கான காரணங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. வெறுமனே நோய் இருப்பது போதாது, இணைந்து வாழ இயலாத அளவுக்கு அது கடுமையாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆனால், மனநல மருத்துவரின் சீட்டு தன் பெயரில் வீட்டில் இருப்பதை அஞ்சும் பெண்ணுக்கு அத்தீர்ப்பு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவளுடைய மாமனார் வீட்டாருக்குச் சட்டப்பிரிவு மட்டும் தெரிந்திருக்கும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் உதவி எண் 14416 இரவு பகலாக இயங்குகிறது. வீட்டிலுள்ள ஒரே கைபேசி கணவனிடம் இருக்கையில் அந்த எண்ணை அவள் எப்படி அழைப்பாள் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. பெயரிடாமல், சீட்டு எழுதாமல், தொலைபேசி கேட்காமல், எல்லாப் பெண்களையும் ஒருங்கே அழைத்த சிங்பூம் குழுக்களின் மதிப்பு இந்த அச்சத்தின் பின்னணியில்தான் முழுமையாக விளங்கும். அங்கே போவதால் யாரும் நோயாளியாவதில்லை.

ஊர்க்குழு முறையைத் தேசியச் சுகாதார இயக்கம் பின்னர் ஏற்று, ஆஷாக்கள் வழியாகப் பல மாவட்டங்களுக்கு விரித்தது. குழந்தை இறப்பு அங்கு இலக்காகத் தொடர்கிறது. தாயின் மனம் அளவிடப்படும் விளைவாக விரிவாக்கத்தில் இடம்பெறவில்லை. இந்த விடுபடலைச் சரிசெய்யப் புதிய திட்டமோ புதிய பெயரோ தேவையில்லை. ஏற்கெனவே கூடும் கூட்டத்தில் ஒரு கதையைச் சேர்ப்பது, ஒருங்கிணைப்பவருக்கு மாத ஊதியம் தருவது, மாவட்ட மருத்துவமனையில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்க இரண்டு படுக்கைகள் ஒதுக்குவது என்பதிலிருந்து தொடங்கலாம். ஆய்வாளர்களுக்கான பணியும் அங்கேயே கிடக்கிறது. மூன்றாம் ஆண்டிலும் கூட்டத்துக்கு வராதிருந்த 45 விழுக்காட்டுப் பெண்கள் யார்? தொலைவிலுள்ள குக்கிராமத்தினரா, புலம்பெயர்ந்து சூளைக்குப் போனவர்களா, வீட்டார் விடாதவர்களா, அல்லது எழுந்து வர மனமே இல்லாத அளவுக்குச் சோர்ந்திருந்தவர்களா? கடைசி வகையினர் எத்தனை பேர் என்று தெரியும்வரை, அந்த 57 விழுக்காட்டுக் கணக்கு முற்றுப்பெறாது.